ஆலம்பாடி காளையோட "சாகாத" செல்: ஒரு கேஸ் முழுசா

கேஸ் இதுதான். பென்னாகரம் பக்கம் ஒரு பெரியவர் வீட்டு ஆலம்பாடி காளை (நம்ம பக்கத்து உழவு மாட்டு இனம்), நாலு பல்லு, கருஞ்சாம்பல் நிறம். அதோட காது ஓரத்துல சின்னதா ஒரு தோல் துண்டு எடுத்து ஓசூர் பக்கம் ஒரு லேப்ல (பேரு வேணாம், நல்ல மனுஷங்க) கல்ச்சர் போட்டாங்க, அதாவது பிளாஸ்க்ல சத்து திரவம் ஊத்தி செல்லை வளத்தாங்க. நோக்கம் சிம்பிள். டிராக்டர் வந்ததுக்கு அப்புறம் உழவு மாடு வெச்சிருக்கிறவங்க கொறஞ்சிட்டாங்க, கலப்பில்லாத ஆலம்பாடி தேடினாலும் கிடைக்கறது கஷ்டம், செல்லை உறைய வெச்சு லிக்விட் நைட்ரஜன்ல போட்டு வெச்சா பின்னாடி எதுக்காவது உதவும். ஆனா ஒரு வருஷம் கழிச்சு அங்க பேச்சே வேற மாதிரி ஆயிடுச்சு. செல் சாகவே மாட்டேங்குது, அதுவா இம்மார்ட்டல் ஆயிடுச்சு, ஆலம்பாடிக்கு முதல் செல் லைன் (முடிவில்லாம வளத்துட்டே போகக்கூடிய செல் வம்சம்) நம்மளோடதுதான், பேப்பர் எழுதப் போறோம்னு. எழுதறதுக்கு முன்னாடி வெளியாள் ஒருத்தர் டேட்டா பாக்கட்டும்னு என்னைக் கூப்பிட்டாங்க. நான் கிருஷ்ணகிரில ஒரு காலேஜ்ல பாடம் எடுக்கிறவன், அதுக்கு முன்னாடி பல வருஷம் செல் கல்ச்சர் ஹுட் (கிருமி புகாம வேலை செய்யற பெட்டி) முன்னாடியே உக்காந்து கெடந்தவன்.

அவங்க காட்டின ஆதாரம் நெஜமாவே ஸ்ட்ராங்கா இருந்துச்சு. மொதல்ல செல் நல்லா வளந்திருக்கு, இருபது பாசேஜ் (நெறஞ்ச செல்லைப் பிரிச்சு புது பிளாஸ்க்குக்கு மாத்தறது) தாண்டினதும் மெதுவாகி, ஒவ்வொரு செல்லும் பெருசா தட்டையா பரவி, பிளாஸ்க் நெறையவே இல்ல, சரி தூக்கிப் போட்டுடலாம்னு இருந்த நேரத்துல ஒரு மூலைல மட்டும் ஒரு திட்டு கிளம்பி, சின்ன சின்ன ஒல்லி செல்லா பெருகி கொஞ்ச நாள்ல பிளாஸ்க் முழுக்க அதுவே ஆயிடுச்சு. டெலோமரேஸ் (செல்லை தொடர்ந்து பிரிய விடற நொதி, கீழ சொல்றேன்) டெஸ்ட் பாசிட்டிவ். செல் பிரியறதை நிறுத்தற பி16 ஜீனுக்கு பிசிஆர் (டிஎன்ஏல ஒரு துண்டைத் தேடிப் பெருக்கற டெஸ்ட்) போட்டா பேண்டே (அந்தத் துண்டு இருந்தா தெரியற கோடு) இல்ல, கூட டெஸ்ட் வேலை செய்யுதான்னு பாக்க கன்ட்ரோலுக்கு போட்ட ஆக்டின் ஜீன் மட்டும் பளிச்சுனு இருக்கு, அப்ப டிஎன்ஏ நல்லாத்தான் இருக்கு பி16தான் காணோம்னு அர்த்தம். அதுக்கு மேல பி53ங்கற இன்னொரு பிரேக் ஜீன்ல ஒரு துண்டை சீக்வென்ஸ் பண்ணி (எழுத்து எழுத்தா படிச்சு), மாட்டோட ரெஃபரன்ஸ் (ஏற்கெனவே தெரிஞ்ச எழுத்து வரிசை) கூட ஒப்பிட்டா ஒரு டஜனுக்கு மேல மாற்றம். இம்மார்ட்டல் ஆகறதுக்கு புக்ல என்னென்ன போட்டிருக்கோ எல்லாமே வரிசையா இருக்கு. எனக்கு அதுதான் உறுத்துச்சு.

ஏன் உறுத்துச்சுன்னு சொல்ல கொஞ்சம் பின்னாடி போகணும். உடம்புல இருந்து எடுத்த சாதாரண செல்லை கல்ச்சர்ல வளத்தா அது ஒரு அளவுக்கு மேல பிரியாது. 1961ல லியோனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் மனுஷ ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு செல்) வெச்சு காட்டினது இது, 50 தடவை கிட்ட பிரிஞ்சதும் நின்னுடும், சாகாது, சும்மா நிக்கும். அதுக்கு முன்னாடி வரைக்கும் எல்லாரும் நம்பினது நேர் எதிர், ஏன்னா அலெக்ஸிஸ் காரெல் 1912ல ஆரம்பிச்ச கோழி இதய கல்ச்சர் 1946 வரைக்கும் உயிரோட இருந்துச்சு. அதை மத்தவங்களால திருப்பிச் செய்யவே முடியல. அவர் சாப்பாடா ஊத்தின கோழிக் கரு சாறுலயே புது செல் வந்து சேந்துட்டு இருந்திருக்கும்ங்கறதுதான் அதுக்கு பின்னாடி சொன்ன முக்கியமான விளக்கம். இந்தக் கதை இந்தக் கேஸ்லயும் ஞாபகம் வெச்சுக்க வேண்டியது.

செல் நிக்கறதுக்கு ரெண்டு காரணம் இருக்கு, ரெண்டும் வேற வேற. ஒண்ணு குரோமோசோம் முனைல இருக்கற டெலோமியர், ஒவ்வொரு தடவை பிரியும்போதும் கொஞ்சம் தேயும். தேஞ்சத திருப்பி நீட்டற நொதிதான் டெலோமரேஸ். 1984ல கரோல் கிரைடர், எலிசபெத் பிளாக்பர்ன் கூட சேந்து குளத்துல வாழ்ற டெட்ராஹைமினாங்கற ஒரு செல் உயிரில கண்டுபிடிச்சது, ஜாக் சோஸ்டாக்கையும் சேத்து மூணு பேருக்கும் 2009ல நோபல். மனுஷன் மாடு மாதிரி பெரிய உடம்புக்காரங்க பெரும்பாலான செல்லுல இதை ஆஃப் பண்ணி வெச்சிருக்கோம். ரெண்டாவது காரணம் பிரேக் புரதங்கள், பி16ம் ஆர்பியும் ஒரு ஜோடி, ஏஆர்எஃப்பும் பி53ம் இன்னொரு ஜோடி. டெலோமியர் ரொம்ப தேஞ்சாலோ, டிஎன்ஏ உடைஞ்சாலோ, சும்மா பிளாஸ்டிக் பிளாஸ்க்ல வளக்கற ஸ்ட்ரெஸ்ஸாலயோ இந்த பிரேக் விழும். பி16, ஏஆர்எஃப் ரெண்டு புரதமும் சிடிகேஎன்2ஏங்கற ஒரே ஜீன் இடத்துல இருந்து வருதுங்கறது இயற்கையோட ஒரு வினோதம், அந்த ஒரு இடம் போச்சுன்னா ரெண்டு பிரேக்கும் ஒரே அடியில போயிடும்.

வீரோ செல்லுல நடந்தது சரியா அதுதான். 1962 மார்ச்சுல ஜப்பான் சிபா யுனிவர்சிட்டில யாசுமுரா குழு ஆப்பிரிக்க பச்சைக் குரங்கு கிட்னில இருந்து எடுத்தது, இன்னைக்கு உலகம் பூரா வேக்சின் செய்யறாங்க அதுல. 2014ல அதோட முழு ஜீனோமையும் (மொத்த டிஎன்ஏ) படிச்சப்ப 12வது குரோமோசோம்ல 90 லட்சம் எழுத்து கிட்ட அப்படியே காணோம், ரெண்டு காப்பிலயும் காணோம். அந்த காணாம போன இடத்துலதான் சிடிகேஎன்2ஏவும் இருந்துச்சு, வைரஸை எதுக்கற டைப் 1 இன்டர்ஃபெரான் ஜீன்களும் இருந்துச்சு. ஒரே வெட்டுல பிரேக்கும் போச்சு காவலும் போச்சு, அதனாலதான் வைரஸ் அதுல அவ்வளவு சொகுசா வளருது. நம்ம லேப்காரங்க பி16 பேண்ட் காணோம்னதும் குதிச்சது இந்த வீரோ கதையை நெனச்சுதான்.

ஹீலாவுல வழி வேற. 1951ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல ஹென்ரியட்டா லேக்ஸ்ங்கற அம்மாவோட கர்ப்பப்பை வாய் புற்றுல இருந்து அவங்களைக் கேக்காமலே எடுத்த செல். எச்பிவி 18 வைரஸ் உள்ள பூந்து அதோட இ6 புரதம் பி53ஐ அழிச்சிடுது, இ7 புரதம் ஆர்பியை முடக்கிடுது. ஜீன் அப்படியே இருக்கும், வேலை செய்ய வேண்டிய புரதம் இருக்காது. டெலோமரேஸும் அதுல ஆன்.

சுண்டெலி எடுத்துக்கிட்டா இன்னும் வேற. 1963ல டோடாரோவும் கிரீனும் மூணு நாளைக்கு ஒரு தடவை 3 லட்சம் செல்லை மாத்தி மாத்தி வெச்சே 3டி3 லைனை உண்டாக்கிட்டாங்க, எலி செல் அவ்வளவு சுலபமா தப்பிச்சிடும். ஏன்னா அதுக்கு டெலோமியர் ரொம்ப நீளம், டெலோமரேஸும் ஓடிட்டே இருக்கு, மொதல் தடையே கெடையாது. பி53 இல்லன்னா ஏஆர்எஃப், ரெண்டுல ஒண்ணு போனா போதும். சாதாரண காத்துல 20 சதவீதத்துக்கு மேல ஆக்ஸிஜன் இருக்கு, அதுல வளத்தாத்தான் எலி செல் நிக்கும், 3 சதவீத ஆக்ஸிஜன்ல வெச்சா நிக்காமலே ஓடும்னு 2003ல காட்டினாங்க. உடம்பு பெருசாக ஆக டெலோமரேஸ் அடங்குதுன்னு 2007ல செலுவானோவ், கோர்புனோவா குழு கொறிக்கற விலங்குகள்ல பாத்து சொன்னாங்க, ஆயுசுக்கு ஏத்த மாதிரி இல்ல, எடைக்கு ஏத்த மாதிரி. பெரிய உடம்புன்னா நெறைய செல், நெறைய செல்லுன்னா ஒண்ணாவது கட்டு மீறிப் போற வாய்ப்பு ஜாஸ்தி, அதனால பூட்டும் ஜாஸ்தி. தேன்கனிக்கோட்டை பக்கம் ராகி காட்டை மிதிச்சுட்டுப் போற யானைய எடுத்துக்கோங்க, நமக்கு ஒண்ணே ஒண்ணா இருக்கற பி53 ஜீன் யானை ஜீனோம்ல 20 காப்பி கிட்ட இருக்குன்னு 2015ல தெரிஞ்சுது (எல்லா காப்பியும் முழுசா வேலை செய்யாது, அது தனிக்கதை).

இப்ப மாட்டுக்கு வருவோம். மாட்டு செல் இம்மார்ட்டல் ஆகவே ஆகாதுன்னு சொல்ல முடியாது, மாட்டு கிட்னில இருந்து 1957ல வந்த எம்டிபிகே லைன் இருக்கே. ஆனா மாட்டு ஃபைப்ரோபிளாஸ்ட் தானா இம்மார்ட்டல் ஆகணும்னா பிரேக்கும் போகணும், டெலோமரேஸும் திரும்ப ஆன் ஆகணும், ரெண்டும் ஒரே செல்லுல நடக்கணும். மனுஷ செல்லுல வைரஸ் ஜீன் உள்ள விட்டு பிரேக்கை நம்மளே உடைச்சு விட்டா கூட, டெலோமியர் தேஞ்சு எல்லாம் கூட்டமா சாகற கட்டத்துல இருந்து தப்பிக்கறது கோடிக்கு ஒரு செல் மாதிரிதான். இங்க யாரும் எந்த ஜீனும் விடல, சின்ன பிளாஸ்க், அதுல இருக்கறதே சில லட்சம் சோர்ந்து போன செல். அதுல பி16 ரெண்டு காப்பியும் போயி, பி53 டஜன் இடத்துல மாறி, டெலோமரேஸும் ஆன் ஆகி... லாட்டரி ஒரே ஆளுக்கு ஒரே வாரத்துல மூணு தடவை அடிச்சா டிக்கெட்டை செக் பண்ணுவோமா மாட்டோமா?

நான் பி53 சீக்வென்ஸைத்தான் மொதல்ல கேட்டேன். அதை எடுத்து எழுத்து எழுத்தா மாட்டு ரெஃபரன்ஸ் பக்கத்துல வெச்சு பாத்தா, மாற்றம் முக்காவாசி கோடான்ல (ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கற மூணு எழுத்து) மூணாவது எழுத்துல இருக்கு. மூணாவது எழுத்து மாறினா பெரும்பாலும் அமினோ அமிலம் மாறாது, புரதம் அப்படியே இருக்கும். ஒரு செல் பி53ஐ கெடுக்கணும்னா ஒரு இடத்துல சரியா அடிச்சா போதும், புரதத்துக்கு ஒண்ணுமே ஆகாத மாதிரி பாத்துப் பாத்து டஜன் இடத்துல மாத்திட்டு இருக்காது. புரதத்தைக் காப்பாத்திக்கிட்டே எழுத்து மட்டும் மாறிட்டு போறது கோடிக்கணக்கான வருஷ பரிணாமத்தோட கைரேகை, ஒரு பிளாஸ்க்ல சில மாசத்துல நடக்கற விஷயமே இல்ல. அதாவது இது கெட்டுப்போன மாட்டு பி53 இல்ல, வேற ஏதோ பிராணியோட நல்ல பி53.

அதை டேட்டாபேஸ்ல தேட விட்டோம். மொதல் வரியில வந்தது சிரியன் ஹாம்ஸ்டர், எலி மாதிரி ஒரு சின்ன பிராணி.

"ஹாம்ஸ்டரா? நம்ம லேப்ல ஹாம்ஸ்டரே இல்லயே அண்ணா"ன்னு கல்ச்சர் பாக்கற பொண்ணு கேட்டுச்சு. ஹாம்ஸ்டர் இல்லம்மா, பிஎச்கேன்னு ஹாம்ஸ்டர் செல் லைன் இருக்கான்னு கேட்டேன். இருந்துச்சு. பிஎச்கே-21, அதே ஹுட்ல, கோமாரி வைரஸ் சம்பந்தமா இல்ல, வேற ஒரு வேலைக்கு வாங்கி வளத்துட்டு இருந்திருக்காங்க. 1961ல கிளாஸ்கோல மேக்பர்சனும் ஸ்டோக்கரும் பொறந்து ஒரு நாள் ஆன சிரியன் ஹாம்ஸ்டர் குட்டிங்களோட கிட்னில இருந்து எடுத்த லைன் அது. பாக்கவும் ஒல்லியா நீளமா ஃபைப்ரோபிளாஸ்ட் மாதிரியே இருக்கும், மைக்ராஸ்கோப்ல பாத்து மாட்டு செல் இல்லன்னு யாராலயும் அடிச்சு சொல்ல முடியாது.

இதை வெச்சு பழைய ஆதாரத்தையெல்லாம் திரும்ப பாத்தா ஒண்ணொண்ணா தலைகீழா ஆகுது. பி16 பேண்ட் வராதது ஜீன் காணாம போனதால இல்ல, மாட்டுக்குன்னு செஞ்ச பிரைமர் (பிசிஆர்ல தேடற துண்டைப் புடிக்கற சின்ன டிஎன்ஏ) ஹாம்ஸ்டர் டிஎன்ஏல ஒட்டல, அவ்வளவுதான். ஆக்டின் மட்டும் ஏன் வந்துச்சு? ஆக்டின் ஜீன் எல்லா பாலூட்டிலயும் ஏறக்குறைய ஒண்ணு, அவங்க வெச்சிருந்த பிரைமர் எந்த பாலூட்டிக்கும் ஒட்டும். கன்ட்ரோல் வேலை செஞ்சுது, ஆனா தப்பான கேள்விக்கு. டிஎன்ஏ இருக்கான்னு கேட்டா இருக்குன்னு சொல்லும், யாரோட டிஎன்ஏன்னு சொல்லாது. பேண்ட் வரலங்கறதை வெச்சு ஒரு ஜீன் டெலீட் ஆயிடுச்சுன்னு சொல்றவங்க, அதே குரோமோசோம்ல பக்கத்து இடத்துக்கு, அதே பிராணிக்கு மட்டும் ஒட்டற இன்னொரு பிரைமர் போட்டே ஆகணும், இதை நான் ஸ்டூடன்ட்ஸ் கிட்ட கத்திக் கத்தி தொண்டை போச்சு. டெலோமரேஸ் பாசிட்டிவ்? ஹாம்ஸ்டர் செல்லுல அது சாதாரணமாவே ஓடும், வயசாகி நிக்கற ஹாம்ஸ்டர் செல்லுல கூட இருக்கும், அதுக்கு டெலோமியர் ஒரு தடையே இல்ல.

மிச்சம் இருந்தது ஊர்ஜிதம் பண்றதுதான். குரோமோசோம் எண்ண ஸ்லைடு போட்டோம். மாட்டுக்கு 60, ஆண் பெண் தீர்மானிக்காத குரோமோசோம் 58ம் ஒரு முனைல முடிச்சு போட்ட மாதிரி ஒத்தைக் கை வடிவம், ரெண்டு கை தெரியறது எக்ஸ் மட்டும். இதுல ஒரு அழகான விஷயம், ஜெர்சி மாதிரி சீமை மாட்டுல ஒய் குரோமோசோமுக்கு ரெண்டு கை தெரியும், நம்ம திமில் மாட்டுல ஒய்யும் ஒத்தைக் கைதான். அப்ப ஆலம்பாடி காளைன்னா 60ல ஒண்ணே ஒண்ணுதான் ரெண்டு கையோட தெரியணும். ஸ்லைடுல பாத்தது 44 கிட்ட, அதுவும் ரெண்டு கை உள்ளதா நெறைய. சிரியன் ஹாம்ஸ்டருக்கு 44. அதுக்கு மேல சைட்டோகுரோம் பி பிசிஆர், கறிக்கடைல ஆட்டுக்கறில என்ன கலந்திருக்குன்னு கண்டுபிடிக்கற அதே டெஸ்ட், அதுவும் ஹாம்ஸ்டர்னே சொல்லுச்சு.

அடுத்து ஃப்ரீசர்ல இருந்த பழைய டியூபெல்லாம் எடுத்து பாத்தோம். ஆரம்ப பாசேஜ் டியூப் சுத்தமா மாடு, 60 குரோமோசோம், ரெண்டு கையோட ஒரே ஒரு எக்ஸ், அப்பாடான்னு இருந்துச்சு. நடுவுல உள்ள டியூப்ல மாட்டு பேண்டும் இருக்கு ஹாம்ஸ்டர் பேண்டும் இருக்கு. கடைசி டியூப்ல மாடே இல்ல. அந்த நடு டியூப் உறைய வெச்ச தேதியை ரெஜிஸ்டர்ல பாத்தா அந்த வாரம் ஒரே மீடியம் (செல்லுக்கு ஊத்தற சத்து திரவம்) பாட்டில்ல இருந்து ரெண்டு செல்லுக்கும் ஊத்தியிருக்காங்க, பாட்டில் தட்டுப்பாடு, ஒரு பைப்பெட் நுனில ஒரு செல் ஒட்டிக்கிட்டு போனா போதும். பிஎச்கே அரை நாளைக்கு ஒரு தடவை பிரியும், பத்து நாள்ல இருபது தடவை, ஒண்ணு பத்து லட்சம் ஆயிடும். மாட்டு செல் அந்த நேரத்துல சோர்ந்து நின்னுட்டு இருக்கு. ராகி காட்டுல ஒரு பார்த்தீனியம் செடிய விட்டுட்டு அடுத்த மாசம் வந்து பாக்கற மாதிரிதான். அவங்க பாத்த "சோர்வு, அப்புறம் திடீர்னு ஒரு திட்டு கிளம்பறது" எல்லாமே நெஜம், புக்ல சொல்ற மாதிரி தப்பிச்சு வந்த செல் இல்ல, வெளியில இருந்து வந்த செல்.

லேப் நடத்தற சார் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "பேப்பர் போச்சு"ன்னார். நான் சொன்னேன், சார் இது உங்க லேப் மட்டும் இல்ல, 1966ல ஸ்டான்லி கார்ட்லர் வேற வேற ஆளுங்களோடதுன்னு நெனச்சிட்டு இருந்த 18 மனுஷ செல் லைனை நொதி வகைகளை வெச்சு டெஸ்ட் பண்ணி எல்லாமே ஹீலாவா இருக்கலாம்னு மீட்டிங்ல சொன்னப்ப ரூமே கொதிச்சுப் போச்சு, இன்னைக்கும் ஆள் மாறிப் போன லைன்னு சர்வதேச பட்டியல்ல 500க்கு மேல இருக்கு, நீங்க பிரின்ட் ஆகறதுக்கு முன்னாடி புடிச்சிட்டீங்க.

மாட்டுக்காரப் பெரியவருக்கு யாராவது சொல்லணுமே, அந்த பொண்ணும் நானும் போனோம். அவர் காதுக்கு ஏற்கெனவே பாதி சேதி போயிருக்கு.

"ஏம்மா, நம்ம காளை செல்லு சாகாவரம் வாங்கிடுச்சாமே?"

"இல்லங்க தாத்தா, அது எலி மாதிரி ஒரு பிராணியோட செல்லு, கலந்து போச்சு."

"எலியா?" பெரியவர் சிரிச்சிட்டார். "எங்க மாட்டுக்குள்ள எலி எப்படிம்மா போச்சு?"

அதுக்கு அந்தப் பொண்ணு சொன்ன பதில் எனக்கு ரொம்ப புடிச்சுது. உங்க மாட்டுக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை கோமாரி ஊசி போடறாங்கல்ல, அந்த ஊசி மருந்தோட வைரஸை வளக்கறதே இந்த செல்லுலதான் தாத்தா, வளத்து அப்புறம் வைரஸை கொன்னுட்டு மருந்தாக்கறாங்கன்னு. உண்மைதான், 1962லயே கோமாரி வைரஸ் பிஎச்கேல நல்லா வளரும்னும், அந்த செல்லை எதுலயும் ஒட்டாம பெரிய தொட்டில மிதக்க விட்டே வளக்கலாம்னும் இங்கிலாந்துல காட்டிட்டாங்க, 2019ல ஆரம்பிச்ச தேசிய திட்டத்துல நம்ம ஊர்ல இலவசமா போடற தடுப்பூசி அந்த வழியில வந்ததுதான். சாகாத செல் இல்லாம அவ்வளவு டோஸ் செய்யவே முடியாது, ஒவ்வொரு பேட்ச்சுக்கும் புதுசா கிட்னி தேடிட்டு இருக்கணும்.

ஆனா ஆலம்பாடி விஷயத்துல எனக்கு மொதல்ல இருந்தே ஒரு கேள்வி, இம்மார்ட்டல் எதுக்கு? இனத்தைக் காப்பாத்தறதுக்கு செல் வெக்கறோம்னா அந்த ஜீனோம் மாடு பொறந்தப்ப இருந்த மாதிரியே இருக்கணும். பிரேக் போன செல் பிரிய பிரிய குரோமோசோம் குளறுபடி ஆகிட்டே போகும், வேக்சின் தொட்டிக்கு அது பரவால்ல, நாளைக்கு குளோனிங்குக்கோ வேற எதுக்கோ எடுக்கற செல்லுக்கு அது ஆகாது. ஆரம்ப பாசேஜ்ல நெறைய டியூப் போட்டு சினை ஊசி கேன்ல இருக்கற அதே மைனஸ் 196 டிகிரில வெச்சுட்டா போதும், அதுக்கு வயசே ஆகாது. ரொம்ப நாள் வளக்கணும்னே ஆசைன்னா டெலோமரேஸோட டெர்ட் ஜீனை உள்ள விடற வழி இருக்கு, 1998ல மனுஷ செல்லுல செஞ்சு காட்டினது, குரோமோசோம் பெருசா கெடாம ஆயுசு நீண்டுச்சு. அதுலயும் தோல் மேல்பரப்பு செல் மாதிரி சிலதுக்கு டெர்ட் மட்டும் பத்தாது, பி16 பக்கமும் கை வெக்கணும்னு அதே வருஷம் தெரிஞ்சுது. எப்படியும் அதுக்கு ஒரு தனி பிளாஸ்க், தனி பேரு, இனக்காப்பு டியூப் கூட கலக்கக் கூடாது.

லேப்ல இப்ப பிஎச்கேக்கு தனி நாள், தனி பாட்டில், மாட்டு செல் வேலை முடிஞ்ச பிறகுதான் அதைத் தொடணும்னு போர்டு மாட்டியாச்சு. கலந்த டியூபெல்லாம் ஆட்டோகிளேவ் பண்ணியாச்சு. பாக்கி ஒண்ணு இருக்கு. ஆரம்ப டியூப்ல இருக்கறது திமில் மாட்டுக் காளைங்கற வரைக்கும் குரோமோசோம் சொல்லிடுச்சு, அது பெரியவர் வீட்டுக் காளையேதானான்னு சொல்லல, அதே மாசம் இன்னும் ரெண்டு ஆலம்பாடியோட தோலும் அதே இன்குபேட்டர்ல இருந்திருக்கு. மைக்ரோசாட்டிலைட் மார்க்கர் (ஒரு மாட்டை இன்னொண்ணுல இருந்து பிரிச்சுக் காட்டற டிஎன்ஏ அடையாளம்) வெச்சு ரத்தத்தோட ஒப்பிடணும். அடுத்த கோமாரி ஊசிக்கு டாக்டர் ஊருக்கு வரும்போது காளைக்கு ரத்தம் எடுத்துக்கறதுன்னு பெரியவர் கிட்ட பேசி வெச்சிருக்கு.